சோளகத்துக்கு மறைவு

சிலாவத்தையில் பின்னேரம் நாலரை.
பாரிசில் சோறு வேளை.
பிரம்டனில் அண்ணை
இன்னும் கட்டிலை விட்டு இறங்கேல்லை.
போனை அரிசிப் பேணியில் சாத்தி வைத்து,
பதினாறு வருசத்துக்குப் பிறகு
நாங்கள் மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழே
ஒன்பது இரவு படுக்க
வீடு தேடுகிறோம்.

இங்கேயே வரலாமே என்று
ஒருவரும் கேட்பதில்லை.
சசிரேகாவின் பயணப் புத்தகத்தில்
எல்லா நாட்டுக்கும் என்று அச்சடித்து
ஒரு நாட்டை மட்டும் கழித்திருக்கிறார்கள்.
என்னுடையது அதற்கு நேர் எதிர்:
அந்த ஒரு நாடு தாராளம்,
மற்றதுக்கெல்லாம் வரிசையில் நிற்கவேண்டும்.
இரண்டு புத்தகமும் ஒத்துக்கொள்கிற
கரை ஒன்று வேண்டும்.

இத்தாலி கழிந்தது.
பாலி, அண்ணிக்கு அலுத்துவிட்டதாம்.
மிஞ்சியது தாய்லாந்து.
அண்ணை வில்லாப் படங்களாய் அனுப்புகிறான்.
ஆறு அறை, ஆறும் கடல் பார்த்தது.
இரவொன்றுக்கு அவன் சொன்ன காசை
கூட்டுறவுக் கடைக் கணக்கெழுதும் கை
தன்பாட்டில் ரூபாயில் பெருக்கியது.
பூச்சியங்களைக் கண்டு அழித்துவிட்டேன்.
"காசு கதைக்காதை" என்கிறான்,
நான் கதைக்கும் முன்னமே.

கடலுக்கு இருபது அடியில்
நீச்சல் குளம் ஒன்றும் உண்டு.
"கடல் பழுதானால் பாவிக்கவோ?"
பின்னால் நின்று கேட்டார் மரியநேசன்.
காலமை கரைவலை இழுத்த உப்பு
இன்னும் முழங்கையில்.
எல்லாரும் சோபாவைப் பார்க்க
இவர் தண்ணியின் நிறத்தைப் பார்த்தார்.

"இது செங்குத்தாய் இறங்கிற கரை.
அலை ஒரே அடியாய் வந்து விழும்.
நீங்கள் வாறது ஓகஸ்டில்,
சோளகம் நேரே முகத்தில் அடிக்கும்.
அந்தக் கண்ணாடி மேசை வெளியில் நிற்காது.
அடுத்தது."
அடுத்ததில் பார் கிடந்தது, கால் கிழியும்.
அதற்கடுத்தது கொண்டுவந்து கொட்டின மணல்,
ஒரு மாரிக்குக் காணாது.
அண்ணைக்குக் கடுப்பு.
அவன் மகன் ஆரூரன் ஆங்கிலத்தில் சிரித்தான்.

சசிரேகா அதுவரை வாய் திறக்கவில்லை.
வெங்காயம் வெட்டும் சத்தம் மட்டும்.
பிறகு கேட்டாள்:
"இராவில் அலைச்சத்தம் கேக்குமே?"
"கேக்கும், கேக்கும்" அண்ணை உசாரானான்,
"அலையின் தாலாட்டில் உறங்குங்கள் எண்டே
போட்டிருக்கிறாங்கள்."
"அப்ப எனக்கு வேண்டாம்."

பின்னை எதற்குக் கடற்கரை வீடு என்று
ஆரூரன் தகப்பனைக் கேட்டது
இங்கே தெளிவாய்க் கேட்டது.
நாங்கள் கடைசியாய் ஒன்றாய்ப் படுத்ததும்
கடற்கரையில்தான், ஆரூரன்.
மோட்டார் சைக்கிளில் இருபது நிமிசம்.
நாலு பேராய்ப் படுத்தோம்.
நாலாமவனின் பெயரைத்தான்
உனக்கு வைத்திருக்கிறது.
இதை நான் சொல்லவில்லை.

இவர் போனை எடுத்தார்.
தீவின் வரைபடத்தை விரலால் விரித்தார்.
விரியவில்லை.
கயிறு தின்ற பெருவிரல்.
வவுனியாவில் பாஸ்போட்டுக்கு
ரேகை எடுத்த பொடியன்
ஏழு தரம் துடைத்துப் பார்த்துக் களைத்தது
இதே விரலோடுதான்.
நான் விரித்துக் கொடுத்தேன்.

"கிழக்குப் பக்கம் பார்.
இந்த மலை சோளகத்துக்கு மறைவு.
முன்னுக்கொரு குட்டித் தீவு கிடக்கு,
அலை அதிலையே செத்துப்போம்.
உள்ளுக்குக் களப்பு மாதிரி.
இராவில் ஒரு சத்தமும் இராது,
நாய் குரைச்சால் உண்டு."

அங்கே இருந்தது ஒரேயொரு வீடு.
நாலு அறை. குளம் இல்லை.
அலையே இல்லை, சப்பென்று கிடக்கிறது கடல் என்று
யாரோ குறை எழுதி
மூன்று நட்சத்திரம் போட்டிருந்தார்கள்.
அண்ணை முற்பணம் கட்டினான்.
சசிரேகா மறுபடி வெங்காயத்துக்குப் போனாள்.

இவர்தான் படத்தை விட்டபாடில்லை.
ஓரத்தில் கட்டிக் கிடந்த வள்ளத்தைக் காட்டி,
"இதுவும் வாடகைக்குள்ளை அடங்குமோ எண்டு
ஒருக்கால் கேக்கச் சொல்லு" என்றார்.